அபுல் அலாவின் பருப்பும் அத்திப்பழமும்

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிரியா நாட்டின் மஅர்ரத்துன் நுஃமான் என்னும் சிற்றூரில் வாழ்ந்திருந்த முதுபெரும் புலவர் ஒருவருக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. புலவருக்குக் கண்பார்வை இல்லை. வயதோ எண்பதைக் கடந்துவிட்டது. கடிதம் எழுதியவரும் சாமானியர் அல்லர். கெய்ரோவில் அரசோச்சிய ஃபாத்திமீ கலீபாவின் தலைமைப் பிரசாரகர். ஷீராஸில் பிறந்த முஅய்யித் ஃபித்தீன் என்னும் பேரறிஞர். ஸல்ஜூக்கியருக்கு எதிராக ஆளும் பொருளும் திரட்டும் அரசியல் அலுவலாக அன்னார் சிரியாவுக்கு வந்திருந்தார். அத்துணைப் பெரும் அலுவல்களுக்கிடையே அவர் அந்த முதியவரிடம் கேட்டது அரசியலைப் பற்றியன்று, கவிதையின் அணிநலத்தைப் பற்றியுமன்று. தாங்கள் ஏன் இறைச்சி உண்பதில்லை என்பதே அவருடைய கேள்வி.

கேட்கப்பட்டவர் அபுல் அலா அல்-மஅர்ரீ. அரபு இலக்கியத்தை அறிந்தோர் எவரும் அப்பெயரைக் கடந்து செல்ல இயலாது.

இன்று நம் குடும்பங்களில் படித்த இளைஞர் சிலர், இறைச்சி மட்டுமன்றிப் பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கி, மரக்கறி மட்டுமே உண்பதாகக் கூறக் கேட்கிறோம். ஆங்கிலேயர் அதனை 'வீகன்' என்பர். இது மேற்கிலிருந்து நேற்று வந்த நூதனம் என்று பெரியவர்கள் முகஞ்சுளிக்கின்றனர். ஆனால் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே, காழிகளின் குடும்பத்தில் பிறந்த ஓர் அரபுப் புலவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் இவ்வாறே வாழ்ந்து, அதன் இடர்களையெல்லாம் தம் மேனியிலும் மானத்திலும் ஏற்றார் என்பதை நம்மில் பலர் அறியார்.

ஹிஜ்ரி 363-இல், அதாவது 973 டிசம்பரில், மஅர்ராவில் பிறந்த அவருக்கு அஹ்மத் எனப் பெயரிட்டனர். தந்தை அப்துல்லாஹ், குலம் தனூக். நான்காம் வயதில் பெரியம்மை கண்டு பார்வை பறிபோயிற்று. நோயுற்றிருந்தபோது தமக்கு உடுத்தப்பட்ட ஆடையின் சிவப்பு ஒன்றே தாம் அறிந்த நிறம் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். கண் கொடாத இறைவன் வியக்கத்தக்க நினைவாற்றலைக் கொடுத்தான். ஒருமுறை கேட்டதை மறவார் என்று அவருடைய மாணாக்கர் சொல்லிச் சொல்லி வியந்தனர்.

முப்பத்தைந்து வயதளவில் பக்தாத் சென்றார். உலகின் அறிவுத் தலைநகரம் அது. ஆனால் அங்கு அவர் ஒன்றரை ஆண்டுகளே தங்கினார். ஷரீஃப் அல்-முர்தளாவின் அவையில், தாம் போற்றும் கவிஞர் முதனப்பீயை இகழக் கேட்டுப் பொறாது சிலேடையாய் ஒரு விடை சொன்னதற்காகக் காலைப் பிடித்து இழுத்து வெளியேற்றப்பட்டார் என்றொரு செய்தி உண்டு. கையில் பொருளில்லை, புரவலரைப் புகழ்ந்து பாடிப் பிழைக்க மனமுமில்லை. ஊரில் தாயார் நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி கேட்டுத் திரும்பினார். வந்து சேருமுன் தாயார் காலமாகிவிட்டார். ஹிஜ்ரி 400-ஆம் ஆண்டு அது. அன்று வீட்டினுள் புகுந்தவர் அதன்பின் பெரும்பாலும் வெளியே வரவேயில்லை. கண்ணின்மை ஒரு சிறை, வீடு ஒரு சிறை என்ற பொருளில், 'இரு சிறைகளின் கைதி' என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டார். மணம் புரியவில்லை. புலால் உண்பதையும் அக்காலத்தில்தான் விட்டார்.

அவர் விட்டவை எவை என்பதை 'லுஸூமிய்யாத்' என்னும் அவருடைய பாடற்றொகுதியின் ஒரு பாட்டு வரிசைப்படுத்துகிறது. நீரிலிருந்து எடுத்த மீன், அறுத்த பிராணியின் இறைச்சி, கன்றுக்கென்று தாய் சுரந்த பால், பறவை அறியாதிருக்கக் கவர்ந்த முட்டை, வண்டினம் தனக்கென்று விடியலில் சென்று சேர்த்த தேன் ஆகிய இவ்வைந்தும் வேண்டா என்பது அப்பாட்டின் சாரம். நம் வள்ளுவப் பெருந்தகை 'புலால் மறுத்தல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தாரெனினும் பாலுக்கும் தேனுக்கும் தடை சொன்னாரில்லை. அபுல் அலாவோ அவற்றையும் விட்டுவைக்கவில்லை. விலக்கும் காரணமும் நோக்கத்தக்கது. தூய்மை, தீட்டு என்ற பேச்சே அதில் இல்லை. உடல்நலத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. மற்றோர் உயிர் தனக்கென வைத்துக்கொண்டதைப் பறிப்பது அநீதி என்பது ஒன்றே அவர் கூறும் காரணம்.

அப்படியாயின் உண்டது யாது? வேகவைத்த அதஸ், அதாவது நம்மூர் மைசூர்ப் பருப்பு, இனிப்புக்கு அத்திப்பழம். உடுத்தது முரட்டுப் பருத்தி. படுக்கை கோடையில் கோரைப்பாய், குளிரில் கம்பளி. (கம்பளியும் ஆட்டின் உடைமைதானே என்று நம் காலத்து இளைஞர் கேட்பர், கேட்கட்டும்.) பெருநாட்கள் இரண்டும் நீங்கலாக ஆண்டு முழுதும் நோன்பிருந்தார் என்பதும் அவர் வாக்காலேயே தெரிய வருகிறது. நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமேனும் தந்து நன்மை பெற எண்ணும் அண்டை வீட்டார்க்கு, அவருடைய வாசல் எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

உணவைத் துறந்தவர்க்கு முதல் இடர் வயிற்றில் தோன்றுவதாகப் பலரும் எண்ணுவர். அபுல் அலாவின் வாழ்க்கையைப் படிக்கும்போது, முதல் இடர் விரிப்பில் தோன்றுவதாகவே எமக்குப் படுகிறது. அன்னார் எவரோடும் கூடி உண்டாரில்லை. பார்வையற்றவன் உண்பதைப் பிறர் காணலாகாது என்று கூறி, நிலவறை போன்ற ஓரிடத்தில் தனித்து உண்பார். ஒருநாள் திராட்சைப் பாகு உண்டபோது சிறிது மார்பில் சிந்திவிட்டது. அதனை அறியாமல் வந்து பாடம் சொல்ல அமர்ந்தார். மாணவன் ஒருவன், "ஐயா, தாங்கள் பாகு உண்டீர்களோ?" என்று கேட்டுவிட்டான். சட்டென்று மார்பைத் தடவித் துடைத்துக்கொண்டு, பெருந்தீனியை இறைவன் சபிப்பானாக என்றாராம் அவர். ஒரு கரண்டிப் பாகு பெருந்தீனியாம்! வரலாற்றாசிரியர்கள் இதனை அவருடைய கூச்ச சுபாவத்துக்குச் சான்றாகக் காட்டுவர். கண்ணின்மை ஒரு காரணமே. அத்துடன், ஊரார் உண்பதைத் தாம் உண்ணாதிருந்தமையும் அத்தனிமைக்கு ஒரு காரணமாயிருக்கக்கூடும் என்பது எமது துணிபு.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பிறந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரு சஹனைச் சுற்றி உற்றார் கூடி அமர்ந்து, ஒரே தட்டில் கைவைத்து உண்பது நம் வழக்கம். அத்தட்டில் ஒருவர் கை நீட்டாவிட்டால் பசித்திருப்பவர் அவர் ஒருவரே. ஆயினும் சங்கடப்படுவது சுற்றி அமர்ந்தோர் அனைவரும். சில ஆண்டுகட்கு முன் எம் உறவினர் இல்லத்தில் ஹஜ்ஜுப் பெருநாளன்று, வெளியூரில் பயிலும் பேத்தி கறியும் உண்ண மாட்டேன், நெய்ச்சோறும் வேண்டாம், பால் ஊற்றிய தேநீரும் வேண்டாம் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். உம்மம்மா ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குச் சென்று, நெய் தாளிக்குமுன் ஒரு கிண்ணம் பருப்பைத் தனியே எடுத்துவைத்து, வெறுஞ்சோறும் ஆக்கிக் கொண்டுவந்தார். பரிமாறும்போதுதான் கேட்டார்: "ஏம்மா, இத்தனை காலமா நான் ஆக்கிப் போட்டதெல்லாம் பாவமா?" பேத்தி அப்படி நினைக்கவேயில்லை. ஆனால் மூதாட்டியின் காதில் அப்படித்தான் விழுந்தது. உணவை மறுப்பவர் சொல்லாத தீர்ப்பையும் உண்பவர் கேட்டுவிடுகிறார்; இதுவே இவ்வுணவு முறையின் பெருந்தொல்லை. அபுல் அலா தீர்ப்பையும் வாய்விட்டே சொன்னவர். எனின் அவர் பட்டதைக் கேட்பானேன்?

நோயுற்ற வேளையிலும் அவர் இளகவில்லை. மருத்துவர் கோழிக்குஞ்சின் கறியை விதித்தார். சமைத்துக் கொணர்ந்ததைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, நீ எளியவன் என்றல்லவா உன்னை எனக்கு மருந்தாக விதித்தார்கள், சிங்கக்குட்டியை ஏன் விதிக்கவில்லை என்று அக்கோழியைப் பார்த்துக் கேட்டாராம். இது அரபு நாடெங்கும் வழங்கும் கதை. கதை புகழ்பெற்றது, எமக்கோ சமைத்துக் கொண்டுவந்த பணியாளரின் முகமே கண்முன் நிற்கிறது.

ஊரார் அவரை வெறுத்தனரா? இல்லை. இஃது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஹலபின் அமீர் ஸாலிஹ் இப்னு மிர்தாஸ் மஅர்ராவின் பிரமுகர் எழுபதின்மரைச் சிறைப்பிடித்து ஊரை முற்றுகையிட்டபோது, வீட்டை விட்டு வாராத அபுல் அலா ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு அமீரின் கூடாரம் சென்று பரிந்து பேசினார். அமீரும் மனமிரங்கி அவர்களை விடுவித்தார். 1047-இல் அவ்வூர் வழியே சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ, கண்பார்வையற்ற அபுல் அலாவே ஊரின் தலைவர் போன்றவர் என்றும், ஊரார் அவருக்கு ஊழியர் போன்றவர் என்றும், அவரோ முரட்டுத் துணி உடுத்து, வாற்கோதுமை ரொட்டியன்றி வேறொன்றும் உண்ணாமல் வீட்டினுள் இருக்கிறார் என்றும், இருநூறு பேருக்கு மேல் பல திசைகளிலிருந்தும் வந்து அவரிடம் பாடங்கேட்கின்றனர் என்றும் எழுதிவைத்தார். அவ்வூரில் அத்தி, ஒலிவம், பிஸ்தா, பாதாம், திராட்சை ஆகியன மிகுதி என்பதும் அப்பயணியின் குறிப்பு. பருப்பும் கனியும் எண்ணெயும் வாசலிலேயே விளையும் மண்ணில் வாழ்ந்ததால்தான் அபுல் அலாவால் இந்நோன்பை நோற்க முடிந்தது. பேரீச்சையும் ஒட்டகப் பாலுமன்றி வேறறியாத பாலைவன பதவீ ஒருவர் பாலை விலக்கினால் என் செய்வார்?

அருகிருந்தோர் அவருடைய ஈகையையும் எளிமையையும் கண்டனர், பொறுத்துக்கொண்டனர். தொலைவிலிருந்தோர்க்குப் போய்ச் சேர்ந்தது பாட்டு மட்டுமே.

இனி அக்கடிதங்களுக்கு வருவோம். முஅய்யித் மூன்று கடிதம் எழுதினார். அபுல் அலா இரண்டு விடை விடுத்தார். யாகூத் என்னும் வரலாற்றாசிரியர் தம் இலக்கியர் அகராதியில் இவற்றைப் பேணி வைத்தார். 1902-இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் மார்கோலியத் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

மேற்சொன்ன பாட்டில் புலவர், அறிவும் மார்க்கமும் நோயுற்ற ஒருவனை விளித்து, என்னிடம் வா, உண்மையைச் சொல்கிறேன் என்று தொடங்கியிருந்தார். முஅய்யித் மிக நாசூக்காக அதனையே பிடித்துக்கொண்டார். அந்நோயாளி நானே, மருந்து தேடி வந்திருக்கிறேன், தாருங்கள் என்றார். பின்பு வாதத்தை அடுக்கினார். செடிகொடிகள் விலங்குக்காக, விலங்கு மனிதனுக்காக எனப் படைப்பு படிப்படியாக அமைந்துள்ளது. மேலும், கொன்று தின்னும் விலங்குக்குக் கூரிய நகமும் பல்லும் கொடுத்தவன் யார்? படைத்தவனே அனுமதித்ததை நீர் இரக்கத்தின் பேரால் மறுப்பதாயின், படைத்தவனைவிட நீர் இரக்கம் மிக்கவரோ?

இந்தக் கேள்வியின் கூர்மையை நேயர்கள் உணர்வார்களாக. ஆம் என்றால் இறைநிந்தனை. இல்லை என்றால் பாட்டு பொய். இன்றும் நம் வீட்டு விருந்துகளில் புலால் உண்ணாத இளைஞரை மடக்கப் பெரியவர்கள் கேட்பது இதே கேள்விதான். அவர்கள் முஅய்யிதைப் படித்தவர்கள் அல்லர். அக்கேள்வி எவருடைய நாவிலும் தானே ஊறி வருவது.

அபுல் அலா என்ன விடை சொன்னார்? முதலில் உயிர்களுக்கு நோவு உண்டென்பதை எடுத்துரைத்தார். குட்டியை இழந்த ஆட்டின் துயரை நினைவூட்டினார். பயபக்தியுடையோர் ஹலாலானவற்றிலும் பலவற்றைத் தாமே விட்டிருக்கின்றனர் என்றார். இதுவரை வாதம் உறுதியாகவே நிற்கிறது. அதன்பின் திடீரென்று இறங்கி வருகிறார். எனக்கு ஆண்டுக்கு இருபத்துச் சொச்சம் தீனார் வருமானம். பணியாள் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது சொற்பம். ஆகவே பயறு, பருப்போடு நின்றுகொண்டேன் என்கிறார்.

நாம் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். பால் கன்றுக்குரியது, தேன் வண்டுக்குரியது என்று முழங்கிய புலவர், அதிகாரம் மிக்க ஒருவர் காரணம் கேட்டதும், கையில் காசில்லை என்கிறார். இதனைக் கோழைத்தனம் என்போர் உளர். நையாண்டி என்போரும் உளர். எம் கருத்து வேறு. விருந்துகளில் புலால் மறுப்போர் இன்றும் செய்வதையே அவரும் செய்தார். வயிறு சரியில்லை, மருத்துவர் வேண்டாமென்றார் என்று சொல்லித் தப்புவதில்லையா? உண்மைக் காரணத்தைச் சொன்னால் உண்பவர் மனம் புண்படும், அல்லது வாதம் முற்றும். ஒரு சிறு காரணத்தைச் சொன்னால் அனைவரும் நிம்மதியாக உண்பர். எண்பது வயதில், உட்காரவும் பிறர் துணை வேண்டும் நிலையில், அவர் நிம்மதியை நாடியதில் வியப்பில்லை.

முஅய்யித் அவ்வளவு எளிதில் விடவில்லை. வறுமைதான் காரணமென்றால், ஹலபின் ஆட்சியாளர் ஃதிமாலுக்கு எழுதி, நல்லுணவுக்கு வேண்டிய பொருள் தங்களுக்குக் கிடைக்கச் செய்கிறேன் என்றார். பரிவுதான்; ஆனால் பொறியும்கூட. அபுல் அலா பணிவுடன் மறுத்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளாய் விட்டது இயல்பாகவே ஆகிவிட்டது. இனி வேறு உணவில் நாட்டமில்லை என்றார். ஆக, வறுமை காரணமன்று என்பது வெளிப்பட்டது. கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை என்று முஅய்யித் குறைபட்டுக்கொண்டார்; ஆயினும் முதியவரைத் தொல்லைப்படுத்தியதற்கு வருத்தம் தெரிவித்து, மரியாதையோடு விவாதத்தை முடித்தார். கொள்கையில் எதிரெதிர் நின்ற இருவர் இத்துணைப் பண்போடு உணவைப் பற்றி வாதிட்டது நம் இலக்கியச் செல்வங்களுள் ஒன்று.

மார்க்கத்தின் நிலை யாது? இதில் மயக்கத்திற்கு இடமில்லை. இறைவன் ஆகுமாக்கியதை ஆகாததென்று தடுத்துக்கொள்வதைத் திருமறை கண்டிக்கிறது. 'தஹ்ரீம்' அத்தியாயத்தின் தொடக்கம் இறங்கிய காரணமே ஒரு அறிவிப்பின்படி தேனைப் பற்றியதுதான். 'நஹ்ல்' அத்தியாயம் பாலையும் தேனையும் இறைவனின் அத்தாட்சிகளாக எடுத்துக்காட்டுகிறது. ஸஹாபாக்களில் சிலர், ஒருவர் மணம் புரியமாட்டேன் என்றும், ஒருவர் இறைச்சி உண்ணமாட்டேன் என்றும் கூறியதைக் கேட்டு, பெருமானார் (ஸல்) அவர்கள் அஃது எம் வழியன்று என உணர்த்தியதை 'ஸஹீஹ் முஸ்லிம்' பதிவு செய்துள்ளது. அபுல் அலா இவ்விரண்டையுமே செய்தார் என்பதை மறைக்க முடியாது.

எனினும், தடுப்பது வேறு, விடுவது வேறு. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தில், மக்கள் உண்ணும்வரை நெய்யும் இறைச்சியும் உண்ணேன் என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் எண்ணெயோடு நின்றதை யார் குறை சொன்னார்? இஹ்ராம் உடுத்தியவர்க்கு நிலத்தின் வேட்டை விலக்கப்பட்டதில், உயிரைக் கைவிட்டுவைக்கும் பயிற்சி ஒன்று இல்லையா? அத்தார் கூறும் கதையில், ராபிஆ அம்மையாரைச் சூழ்ந்து நின்ற மான்கள் ஹஸன் பஸரீ அவர்களைக் கண்டதும் ஓடின. அன்று கொழுப்பில் வதக்கிய வெங்காயம் அவர் உண்டிருந்தார் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பாடியபோது, அதனைக் கேட்டு விழிநீர் மல்காத தமிழ் முஸ்லிம் இல்லம் உண்டா? ஜீவகாருண்யம் நமக்கு அந்நியமன்று. தன்னளவில் ஒருவர் ஒன்றை உண்ணாதிருப்பது பாவமுமன்று. ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானியை நிறைவேற்றிவிட்டு அதில் தாம் உண்ணாமல் முழுதும் ஏழைக்களிப்போர் இன்றும் உளர்.

அபுல் அலா இடறியது எங்கே? உண்ணாதிருந்ததில் அன்று, அதனை அநீதி என்று பாடி, உண்போர் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில்தான் என்பது எம் தாழ்மையான கருத்து. ராபிஆ அம்மையார் எவரையும் குற்றம் சொல்லவில்லை. ஆகவே அவர் உணவைப் பற்றி எவரும் விசாரணைக் கடிதம் எழுதவில்லை.

பின்வந்தோர் முஅய்யிதின் பண்பைக் காட்டவில்லை. அவர் பிராமணர்களின் கொள்கையுடையவர், அதனால்தான் இறைச்சி உண்ணவில்லை, தூதர்களையும் நம்பவில்லை என்று எழுதினர். இறைச்சி உண்ணாமை ஒரு படி; தூதர்களை மறுத்தல் அடுத்த படி; இடையிலுள்ள தூரத்தை ஒரே தாண்டலில் கடந்துவிட்டனர்! மார்க்கத்தைப் பற்றிய அவருடைய வேறு சில பாடல்களும் ஐயத்துக்கு இடந்தந்தன என்பது உண்மையே. இப்னுல் ஜவ்ஸீ அவரை இஸ்லாத்தின் மூன்று பெரும் ஸிந்தீக்குகளுள் ஒருவராக எண்ணினார். இப்னு கல்லிகான் நிதானமாக, பிராணிகளை வதைக்கலாகாது என்ற பண்டைத் தத்துவவாதிகளின் கருத்தைப் பின்பற்றினார் என்றதோடு நிறுத்தினார். ஹலபின் வரலாற்றாசிரியர் இப்னுல் அதீம் மட்டும், அவர்மீது சுமத்தப்பட்ட பழிகளைத் துடைக்கவென்றே தனிநூல் யாத்தார். இறந்து இருநூறு ஆண்டுகள் ஆகியும் ஒருவருடைய உணவுக்கும் நம்பிக்கைக்கும் வக்காலத்து வேண்டியிருந்தது.

உடலைப் பற்றியும் சில சொற்கள். கடிதங்களில் அபுல் அலா தம் தளர்ச்சியைக் குறிப்பிடுகிறார். நின்று தொழ இயலாமையைச் சொல்லி வருந்துகிறார். எண்பது வயதின் தளர்ச்சியை உணவின்மேல் ஏற்றுவது முறையன்று. பருப்பும் தானியமும் சேர்ந்தால் புரதம் குறைவதில்லை. அத்தியில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் நம் காலத்து மருத்துவம் அறிந்ததொன்று அவர் காலத்தார்க்குத் தெரியாது. பி12 என்னும் உயிர்ச்சத்து எச்செடியிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. நுண்ணுயிர்கள் ஆக்குவது அது. மனிதனுக்கு இறைச்சி, மீன், பால், முட்டை வழியே வருவது. 1948-இல்தான் அது தனித்துப் பிரித்தறியப்பட்டது. ஈரல் அதனைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்துவைப்பதால் குறை உடனே தெரியாது. பின்னரே இரத்தசோகையும், கைகால் மரத்துப்போதலும், மறதியும் தலைகாட்டும். கருவுற்ற தாய்மாருக்கும் பால்குடிக் குழந்தைகளுக்கும் இக்குறை பேராபத்து. ஆகவே இம்முறையைக் கைக்கொள்ளும் பிள்ளைகளை ஏசுவதைவிட, பி12 மாத்திரையைத் தவறாது உட்கொள்கிறாயா என்று கேட்பது வீட்டுப் பெரியவர்க்கு அழகு. ஏசினால் பிள்ளைகள் தனியறையில் உண்பர். மாத்திரையைப் பற்றிக் கேட்பார் இருக்கமாட்டார்.

அம்மண்ணின் பின்வரலாறு கொடிது. 1098 டிசம்பரில் சிலுவைப் போராளிகள் மஅர்ராவைக் கைப்பற்றிக் குடிகளை வெட்டி வீழ்த்தினர். உணவு தீர்ந்தபோது இறந்தோரின் உடலை உண்டதாக அவர்களுடைய வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்துள்ளனர். முட்டையும் வேண்டாமென்ற புலவர் கண்மூடி நாற்பத்தொரு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன்பின் நெடுங்காலம் சென்று, அவரைப் போலவே பார்வையிழந்த எகிப்தின் தாஹா ஹுஸைன் 1914-இல் அவரைப் பற்றியே ஆய்வெழுதிப் பட்டம் பெற்றார். ஹிஜ்ரிக் கணக்கில் அவர் பிறந்து ஆயிரமாண்டு நிறைந்ததை 1944-இல் டமாஸ்கஸ் அரபுக் கழகம் பெருவிழாவாகக் கொண்டாடிற்று. அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பாரும் நண்பர் சிலரும் கூடி, 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி 'வீகன்' என்ற புதுச்சொல்லை ஆக்கினர். விழாக் கொண்டாடியவர்கள் அச்சொல்லை அறியார்; சொல்லை ஆக்கியவர்கள் விழாவை அறிந்ததாகத் தெரியவில்லை. 2013-இல் உள்நாட்டுப் போரிடையே, மஅர்ராவில் நின்ற அவருடைய சிலையின் தலை துண்டிக்கப்பட்டது.

ஹிஜ்ரி 449 ரபீஉல் அவ்வல் மாதம் (1057 மே) மூன்றே நாட்கள் நோயுற்றிருந்து அவர் காலமானார். மூன்றாம் நாள் சிற்றப்பன் மக்களை அழைத்து, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கினார். சொன்னவற்றில் பிழை நேர்ந்தது. ஒருபோதும் பிழைபடாத அந்நாவு பிழைபட்டதைக் கேட்ட காழி, ஷைகு அவர்கள் நம்மைவிட்டுப் போய்விட்டார் எனக் கருதிக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் அவ்வாறே ஆயிற்று. மண்ணறையருகே எண்பதுக்கும் மேற்பட்ட புலவர்கள் இரங்கற்பா பாடினர். மாணாக்கர் ஒருவர் தம் பாவில், ஆசானின் கல்வியையும் கவிதையையும் விட்டுவிட்டு, அவர் எவ்வுயிரின் இரத்தமும் சிந்தாதவர் என்பதையே எடுத்துக்கூறி அழுதார்.